வானிலைக்கும் கடலுக்கும் ஒரு சங்கம் எதற்கு?

மழை வருமா, புயல் எங்கே கரை கடக்கும் என்று சொல்ல ஒவ்வொரு நாட்டிலும் அரசு வானிலைத் துறை இருக்கிறது. கடலை ஆராயத் தனி நிறுவனங்கள் இருக்கின்றன. நாடுகள் தங்களுக்குள் தகவலைப் பகிர்ந்துகொள்ள 1950 முதல் உலக வானிலை அமைப்பு இருக்கிறது. இத்தனை இருந்தும் வானிலையாளர்களும் கடலியலாளர்களும் சொந்தக் காசில் சந்தா கட்டி, தங்களுக்கென்று ஒரு அறிவியல் சங்கத்தை ஏன் நடத்துகிறார்கள்? இந்தத் துறைக்குப் புதிதாக வரும் மாணவர்கள் பலர் கேட்கும் கேள்வி இது. நியாயமான கேள்விதான்.

முதலில் ஒரு வித்தியாசத்தைப் புரிந்துகொள்ள வேண்டும். உலக வானிலை அமைப்பில் உறுப்பினராக இருப்பவை நாடுகளும் ஆட்சிப் பகுதிகளும். சங்கத்தில் உறுப்பினராக இருப்பவர்கள் தனி மனிதர்கள். அரசுத் துறையில் முன்னறிவிப்பு எழுதுபவர், பல்கலைக்கழகத்தில் வளிமண்டலத்தைக் கணக்கிடும் கணினி மாதிரியை ஓட்டுபவர், தொலைக்காட்சியில் வானிலை சொல்பவர், கப்பல் நிறுவனத்துக்கு ஆலோசனை தருபவர், பள்ளி ஆசிரியர், வீட்டு மாடியில் மழைமானி வைத்திருக்கும் ஆர்வலர் என்று யார் வேண்டுமானாலும் சேரலாம். 1850-ல் பிரிட்டனில் தொடங்கிய சங்கம்தான் பிறகு ராயல் வானிலையியல் சங்கம் ஆனது. ஜப்பானில் 1882, அமெரிக்காவில் 1919, இந்தியாவில் 1956 என்று மற்ற நாடுகளிலும் சங்கங்கள் வந்தன. கனடாவிலும் ஆஸ்திரேலியாவிலும் ராயல் சங்கத்தின் கிளைகளாக இருந்தவை தனியாக வளர்ந்து, இன்று வானிலை, கடல் இரண்டையும் பெயரிலேயே வைத்திருக்கின்றன.

சங்கத்திடம் செயற்கைக்கோள் கிடையாது, ரேடார் கிடையாது. புயல் எச்சரிக்கை விடும் அதிகாரமும் கிடையாது. அப்படியானால் அதனிடம் என்னதான் இருக்கிறது? ஒருவர் சொன்னதை இன்னொருவர் எல்லோர் முன்னாலும் கேள்வி கேட்கலாம், கேட்ட கேள்வியும் பதிவாகும். இந்த ஏற்பாடுதான் சங்கத்தின் சொத்து. கேட்கும்போது சாதாரணமாகத் தோன்றும். அது எப்படி வேலை செய்கிறது என்பதை ஒரு பழைய கூட்டத்தை வைத்துப் பார்க்கலாம்.

1938 பிப்ரவரி 16 அன்று ராயல் வானிலையியல் சங்கத்தில் கை கேலண்டர் என்பவர் ஒரு கட்டுரை வாசித்தார். அவர் தொழில்முறை வானிலையாளர் அல்ல. நீராவித் தொழில்நுட்பத்தில் வேலை பார்த்த பொறியாளர். ஓய்வு நேரத்தில் உலகெங்கும் 147 நிலையங்களின் வெப்பநிலைப் பதிவுகளைத் திரட்டி, எல்லாவற்றையும் கையால் கணக்கிட்டிருந்தார். அவர் சொன்னது சுருக்கமாக இதுதான்: முந்தைய 50 ஆண்டுகளில் எரிபொருளை எரித்து மனிதர்கள் சுமார் 15,000 கோடி டன் கார்பன் டை ஆக்சைடைக் காற்றில் சேர்த்திருக்கிறார்கள், அதில் பெரும்பகுதி காற்றிலேயே தங்கிவிட்டது, அதே காலத்தில் நிலத்தின் வெப்பநிலை ஆண்டுக்குச் சுமார் 0.005 டிகிரி வீதம் ஏறியிருக்கிறது. அதில் பாதிக்கு மேல் இந்த வாயுவால் வந்தது.

அரங்கில் உட்கார்ந்திருந்தவர்கள் அன்றைய பிரிட்டனின் பெரிய வானிலையாளர்கள். வானிலை அலுவலகத்தின் இயக்குநர் சர் ஜார்ஜ் சிம்ப்சன் எழுந்தார். வெறும் கதிர்வீச்சுக் கணக்கை வைத்து வளிமண்டலத்தின் வெப்பநிலையைத் தீர்த்துவிட முடியாது என்றார். காற்று மேலும் கீழும் நகர்கிறது, பக்கவாட்டிலும் நகர்கிறது, நகரும்போது வெப்பத்தையும் சுமந்து போகிறது, அதையெல்லாம் கணக்கில் எடுக்காமல் விடை சொல்ல முடியாது என்பது அவர் வாதம். இன்னொருவர், பழைய வெப்பமானிகளையும் பழைய கார்பன் டை ஆக்சைடு அளவீடுகளையும் எவ்வளவு தூரம் நம்பலாம் என்று கேட்டார். மற்றொருவர், வெப்பம் ஏறியது உண்மைதான், ஆனால் காற்றோட்டங்கள் மாறியதால் ஏறியிருக்கலாம் என்றார். கேலண்டர் முடிந்தவரை பதில் சொன்னார்.

அப்புறம் சங்கம் செய்ததுதான் முக்கியம். கட்டுரையைத் தன் காலாண்டு இதழில் அச்சிட்டது. அதன் கீழேயே, யார் என்ன ஆட்சேபம் சொன்னார், கேலண்டர் என்ன பதில் சொன்னார் என்பதையும் பெயரோடு அச்சிட்டது. வெளியிலிருந்து வந்த பொறியாளரின் கருத்தை ஓரங்கட்டவும் இல்லை, அப்படியே ஏற்றுக்கொள்ளவும் இல்லை.

அந்த ஆட்சேபங்களை இன்று படித்தால், அடுத்த 30 ஆண்டுகளுக்கான வேலைப் பட்டியல் போலவே இருக்கிறது. அளவீடு நம்பகமானதா என்ற சந்தேகத்துக்கு, சார்லஸ் கீலிங் 1958-ல் ஹவாயின் மௌனா லோவா மலையில் தொடங்கிய தொடர் அளவீடு பதில் தந்தது. அவருடைய முதல் முடிவுகள் 1960-ல் ஸ்வீடன் புவி இயற்பியல் சங்கத்தின் ‘டெல்லஸ்’ இதழில் வந்தன. காற்றின் மேல்கீழ் நகர்வைச் சேர்க்கவில்லை என்ற குறையை, சுகுரோ மனாபேயும் ரிச்சர்ட் வெதரால்டும் 1967-ல் தீர்த்தார்கள். கார்பன் டை ஆக்சைடு இரட்டிப்பானால் வெப்பநிலை சுமார் 2.3 டிகிரி ஏறும் என்று அவர்கள் கணக்கிட்ட கட்டுரை அமெரிக்க வானிலையியல் சங்கத்தின் இதழில் வெளியானது. மனாபேக்கு 2021-ல் இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது.

சிம்ப்சன் சொன்ன முறை சரி. கேலண்டர் போய்ச் சேர்ந்த இடமும் பெருமளவு சரி. இரண்டும் ஒரே இதழில் பக்கத்தில் பக்கத்தில் இருந்ததால்தான் பின்னால் வந்தவர்களுக்கு எதைத் தீர்க்க வேண்டும் என்று தெளிவாகத் தெரிந்தது. ஒரு அலுவலகக் கோப்புக்குள் இந்த வாதம் நடந்திருந்தால் இயக்குநர் சொன்னதோடு முடிந்திருக்கும் என்றே எனக்குத் தோன்றுகிறது.

சரி, வானிலைக்குச் சங்கம் வேண்டும். கடலை ஏன் அதோடு சேர்க்க வேண்டும்?

காரணம் இயற்பியலில் இருக்கிறது. கடலின் மேல் மூன்று மீட்டர் தண்ணீர் மட்டுமே ஏறக்குறைய மொத்த வளிமண்டலமும் தாங்கும் அளவு வெப்பத்தைத் தாங்கிவிடும். அதற்குக் கீழே இன்னும் ஆயிரக்கணக்கான மீட்டர் ஆழம் இருக்கிறது. புவி சூடாவதால் சேரும் கூடுதல் வெப்பத்தில் 90 சதவீதத்துக்கு மேல் கடலுக்குத்தான் போகிறது. வெப்பமண்டலப் புயல் உருவாகக் கடலின் மேற்பரப்பு சுமார் 26.5 டிகிரிக்கு மேல் இருக்க வேண்டும் என்பது பாடப்புத்தக விதி. ஆனால் மேற்பரப்பு மட்டும் சூடாக இருந்தால் போதாது. புயலே கடலைக் கலக்கி அடியிலிருக்கும் குளிர்ந்த தண்ணீரை மேலே கொண்டுவந்துவிடும். வெதுவெதுப்பான அடுக்கு எவ்வளவு ஆழம் வரை இருக்கிறது என்பதைப் பொறுத்துத்தான் புயல் வலுக்குமா, தளருமா என்பது அமையும். அந்த ஆழத்தைச் சொல்ல வேண்டியவர் கடலியலாளர். அந்தத் தகவலை வைத்து எச்சரிக்கை எழுத வேண்டியவர் வானிலையாளர்.

இரு தரப்பும் தனித்தனியாக இருந்தால் என்ன ஆகும் என்பதற்குத் தென் அலைவின் கதையே சாட்சி. 1904-ல் இந்திய வானிலைத் துறைக்குத் தலைமை ஏற்ற கில்பர்ட் வாக்கர் ஒரு கணிதவியலாளர். பருவமழை பொய்த்துப் பஞ்சம் வருவதை முன்கூட்டியே சொல்ல முடியுமா என்ற கேள்வியோடு உலகெங்கும் உள்ள காற்றழுத்தப் பதிவுகளை ஒப்பிட்டார். பசிபிக் பெருங்கடல் பக்கம் அழுத்தம் ஏறும்போது இந்தியப் பெருங்கடல் பக்கம் இறங்குகிறது, அங்கே இறங்கும்போது இங்கே ஏறுகிறது என்று கண்டார். அதற்குத் தென் அலைவு என்று பெயரும் வைத்தார். ஏன் அப்படி நடக்கிறது என்று அவரால் விளக்க முடியவில்லை. அதனால் பலர் அதைப் பொருட்படுத்தவில்லை. இன்னொரு பக்கம், பெரு நாட்டுக் கரையோரம் சில ஆண்டுகளில் கடல் திடீரென்று சூடாகி மீன் குறைந்துபோவது அங்குள்ள மீனவர்களுக்கு நெடுங்காலமாகத் தெரிந்திருந்தது. அதை எல் நினோ என்றார்கள். இரண்டும் ஒரே நிகழ்வின் இரண்டு பக்கங்கள் என்பதை ஜேக்கப் பியர்க்னஸ் என்ற வானிலையாளர் விளக்கியது 1960களில்தான். காற்று கடலைத் தள்ளுகிறது, கடல் சூடேறிக் காற்றை மாற்றுகிறது, மாறிய காற்று மறுபடி கடலை மாற்றுகிறது என்ற சுழற்சியை அவர் காட்டினார். அதில் காற்றோட்டப் பகுதிக்கு வாக்கர் சுழற்சி என்று வாக்கரின் பெயரையே வைத்தார்.

வாக்கர் சொன்னதற்கும் பியர்க்னஸ் விளக்கியதற்கும் நடுவே ஒரு தலைமுறைக்கு மேல் போய்விட்டது. அந்த இடைவெளிக்குக் காரணம் அறிவுக்குறை மட்டும் அல்ல. போதுமான கடல் அளவீடு இல்லாததும், வளிமண்டலத்தைப் பார்ப்பவர்களும் கடலைப் பார்ப்பவர்களும் வெவ்வேறு இடங்களில் வேலை செய்ததும் சேர்ந்த விளைவு அது. இன்று ஒரே மாநாட்டில் காலையில் பருவமழை அமர்வு, மதியம் கடல் வெப்பநிலை அமர்வு என்று வைத்தால், இரண்டிலும் அதே ஆட்கள் உட்கார்ந்திருப்பார்கள். எனக்குத் தெரிந்து ஒரு கூட்டுச் சங்கத்தின் பெரிய பயன் இதுதான்.

ஆய்விதழ் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கட்டுரை வந்ததும் ஆசிரியர் அதை இரண்டு மூன்று நிபுணர்களுக்கு அனுப்புவார். அவர்கள் பொதுவாகச் சம்பளம் வாங்காமல் படித்து, குறைகளை எழுதி அனுப்புவார்கள். எழுதியவர் திருத்த வேண்டும், அல்லது ஏன் திருத்தவில்லை என்று வாதிட வேண்டும். மாதக்கணக்கில் ஆகும். தேர்ந்தவர்கள் எழுதியதுகூட இதில் தப்பாது. இந்த உழைப்பைச் சங்கத்து உறுப்பினர்கள் கடமையாக எடுத்துக்கொண்டு செய்வதால்தான் நல்ல இதழ்கள் ஓடுகின்றன.

அடுத்தது, யார் சொல்வதை நம்புவது என்ற சிக்கல். செயலியைத் திறந்தால் ஒரு முன்னறிவிப்பு, சமூக ஊடகத்தில் இன்னொன்று, யாரோ பகிர்ந்த வண்ணப்படத்தில் வேறொன்று என்று வருகிற காலம் இது. ஒரே ஒரு கணினி மாதிரியின் பத்து நாள் தள்ளிய படத்தை எடுத்து “பயங்கரப் புயல் வருகிறது” என்று போட்டால் ஆயிரக்கணக்கானோர் பார்த்துவிடுகிறார்கள். பத்து நாள் தள்ளி ஒரு மாதிரி காட்டும் புயல் மறுநாள் ஓட்டத்திலேயே காணாமல் போகலாம் என்பது துறையில் இருப்பவர்களுக்குத் தெரியும், பகிர்கிறவர்களுக்குத் தெரியாது. அமெரிக்க வானிலையியல் சங்கம் 1957-லேயே தொலைக்காட்சி, வானொலி வானிலையாளர்களுக்கான ஒப்புதல் முத்திரையையும் ஆலோசகர்களுக்கான சான்றிதழையும் கொண்டுவந்தது. பிரிட்டனில் பட்டய வானிலையாளர் என்ற தகுதியை ராயல் சங்கம் தருகிறது. வானிலை ஆலோசகர் நீதிமன்றத்தில் சாட்சி சொல்கிறார், காப்பீட்டு வழக்குகளில் அன்றைக்கு அடித்த காற்றின் வேகம் என்ன என்று மதிப்பிடுகிறார், கடலுக்குள் கட்டும் மேடைகள் எவ்வளவு உயர அலையைத் தாங்க வேண்டும் என்று சொல்கிறார். அவர் தவறாகச் சொன்னால் உயிரும் பணமும் போகும். அரசு வேலையில் இருப்பவரைக் கட்டுப்படுத்த அலுவலக விதிகள் இருக்கின்றன. தனியாகத் தொழில் செய்பவருக்குச் சக தொழிலாளர்கள் வைத்த தேர்வும் நெறிமுறையும்தான் அளவுகோல்.

பொதுவெளியில் பேசுவதும் சங்கத்தின் வேலைதான். அரசு ஊழியர் ஒருவர் கொள்கை விஷயத்தில் வெளிப்படையாகக் கருத்துச் சொல்வது எளிதல்ல. தனியார் நிறுவனத்தில் இருப்பவருக்கும் வாடிக்கையாளர் என்ற கட்டு இருக்கிறது. காலநிலை மாற்றம், செயற்கை மழை போன்றவற்றில் அறிவியல் எவ்வளவு தூரம் உறுதியாகச் சொல்கிறது, எங்கே தயங்குகிறது என்பதை ஒரு குழு எழுதி, உறுப்பினர்களின் கருத்தைக் கேட்டு, அறிக்கையாக வெளியிட்டால் அதற்கு ஒரு எடை வருகிறது. அமெரிக்கச் சங்கத்தின் அறிக்கைகளில் எனக்குப் பிடித்த ஒரு ஏற்பாடு உண்டு: ஒவ்வொரு அறிக்கைக்கும் காலாவதித் தேதி இருக்கும். அந்தத் தேதிக்குள் புதிய சான்றுகளைப் பார்த்துத் திருத்தி எழுத வேண்டும், இல்லையென்றால் அது செல்லாது. அறிவியல் மாறிக்கொண்டே இருக்கும் என்று தெரிந்தவர்கள் செய்யும் காரியம் அது.

தொழில்முறைச் சங்கம் என்றால் பட்டம் பெற்றவர்களுக்கு மட்டும் என்று நினைக்க வேண்டாம். ஜார்ஜ் சைமன்ஸ் என்பவர் 1860-ல் 168 இடங்களின் மழை அளவுகளோடு பிரிட்டனின் மழைப் பதிவைத் தொடங்கினார். 1900-ல் அவர் இறக்கும்போது 3,000-க்கும் மேற்பட்ட தன்னார்வலர்கள் அவருக்கு அளவு எடுத்து அனுப்பிக்கொண்டிருந்தார்கள். அவர் ராயல் வானிலையியல் சங்கத்தின் தலைவராகவும் இருந்தவர். அவர் பெயரில் ராயல் சங்கம் இன்றும் பதக்கம் தருகிறது. நீண்டகால மழைப் பதிவு ஒன்றை எந்த ஆய்வாளர் எடுத்தாலும், அதன் பழைய பக்கங்களில் பெரும்பாலும் இப்படிப்பட்ட ஆர்வலர்களின் கையெழுத்துதான் இருக்கும்.

இளைஞர்களுக்கு இதில் என்ன இருக்கிறது என்று கேட்டால், நான் முதலில் சொல்வது சுவரொட்டி அமர்வைத்தான். மாநாட்டு அரங்கில் வரிசையாகப் பலகைகள் நிற்கும். ஒவ்வொன்றிலும் ஒரு மாணவர் தன் ஆய்வைப் பெரிய தாளில் அச்சிட்டு ஒட்டிவிட்டுப் பக்கத்தில் நிற்பார். கையில் தேநீரோடு நடந்துவரும் மூத்தவர் ஒருவர் நின்று, வரைபடத்தில் ஒரு புள்ளியைத் தொட்டு, “இது மட்டும் ஏன் கோட்டை விட்டுத் தள்ளி நிற்கிறது?” என்று கேட்பார். மாணவர், “அந்த வாரம் கடலில் அளவெடுக்கும் மிதவையின் உப்புத்தன்மை உணரியில் கோளாறு இருந்திருக்கலாம் சார்” என்பார். “இருந்திருக்கலாமா, இருந்ததா? அந்த மிதவையின் தரக்கட்டுப்பாட்டுக் குறியீட்டைப் பார்த்தாயா?” என்று அவர் மறுபடி கேட்பார். பார்த்திருக்க மாட்டார். இரண்டு நிமிடப் பேச்சுதான். ஊருக்குத் திரும்பியதும் அந்த மாணவர் முதலில் திறப்பது அந்தக் கோப்பாகத்தான் இருக்கும். தன் வழிகாட்டியைத் தவிர வேறு யாரும் தன் வேலையைக் கூர்ந்து பார்க்காமலே முனைவர் பட்டம் முடிப்பவர்கள் உண்டு. அவர்களுக்கு இந்த இரண்டு நிமிடம் கிடைப்பதில்லை.

துறைக்குள் நுழையவே தடை இருந்தவர்களுக்கும் சங்கம் மெதுவாகத்தான் கதவைத் திறந்தது. ஜோன் சிம்ப்சன் 1949-ல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் வானிலையியலில் முனைவர் பட்டம் பெற்றார். அமெரிக்காவில் அந்தப் பட்டம் பெற்ற முதல் பெண் அவர். வெப்பமண்டல மேகங்கள் வெப்பத்தை எப்படி உயரத்துக்குக் கொண்டுபோகின்றன என்பதில் அவருடைய பணி அடிப்படையானது. அமெரிக்க வானிலையியல் சங்கத்துக்கு அவர் தலைவரானது 1989-ல். சங்கம் தொடங்கி 70 ஆண்டுகள் கழித்துத்தான் ஒரு பெண் அந்த நாற்காலிக்கு வந்தார். இது பெருமைப்பட வேண்டிய வேகம் அல்ல.

வேறு குறைகளும் இருக்கின்றன, அவற்றை மறைத்துப் பேசுவதில் அர்த்தமில்லை. மாநாட்டுக் கட்டணமும் விமானச் செலவும் வசதி குறைந்த நாட்டு மாணவர்களுக்கு எட்டாதவை. விசா கிடைக்காமல் பெயர் மட்டும் நிகழ்ச்சி நிரலில் இருந்து, ஆள் வராமல் போவதும் நடக்கிறது. பெரிய இதழ்கள் ஆங்கிலத்தில் இருப்பதால், வேறு மொழியில் யோசிக்கிறவர்கள் இருமடங்கு உழைக்க வேண்டியிருக்கிறது. எல்லோரும் இலவசமாகப் படிக்கக் கட்டுரையைத் திறந்து வைத்தால் அச்சிடும் செலவை எழுதியவர் ஏற்க வேண்டும், மூடி வைத்தால் படிப்பவர் காசு கட்ட வேண்டும். இந்த இழுபறிக்கு இன்னும் ஒரு நல்ல தீர்வு வரவில்லை. குழுக்களில் எப்போதும் அதே பத்துப் பேர் உழைத்துக் களைத்துப் போவது எந்தச் சங்கத்துக்கும் பொருந்தும்.

இதையெல்லாம் தெரிந்துகொண்டும் சேருங்கள் என்றுதான் சொல்வேன். சேரும் முன் சிலவற்றை விசாரியுங்கள். மாணவர் சந்தா முழுச் சந்தாவைவிட எவ்வளவு குறைவு, பயண உதவித்தொகை உண்டா, பக்கத்தில் கிளை இருக்கிறதா, இதழின் பழைய தொகுப்புகளை உறுப்பினர்கள் படிக்க முடியுமா, கடல் பக்கத்துக்கும் வானிலைப் பக்கத்துக்கும் கூட்டங்களில் சமமாக இடம் தருகிறார்களா. சந்தாவைக் கட்டிவிட்டு அட்டையைப் பர்ஸில் வைத்திருந்தால் பயன் ஒன்றும் இல்லை. கிளைக் கூட்டங்களுக்குப் போங்கள், உங்கள் துறை அல்லாத பேச்சையும் உட்கார்ந்து கேளுங்கள். கொஞ்சம் பழகியதும் ஏதாவது ஒரு குழுவில் சின்ன வேலையைக் கேட்டு வாங்குங்கள். பள்ளி மாணவர்களுக்கான நிகழ்ச்சியை ஏற்பாடு செய்வது, அமர்வில் நேரம் பார்த்து மணி அடிப்பது, செய்திமடலைத் திருத்துவது என்று எப்போதும் ஆள் தேவைப்படும். அந்த வேலைகளைச் செய்யும்போதுதான், பேர் மட்டும் தெரிந்திருந்த ஆய்வாளர்கள் உங்களைப் பேர் சொல்லிக் கூப்பிடத் தொடங்குவார்கள்.